களத்தில் பார்த்த மட்டம்

காற்றில் நிற்கும் வண்டியை அரியலூரில் முதன்முதலாக வைத்திருந்தவன் நான்தான். இதைச் சொன்னால் பீற்றிக்கொள்கிறான் என்பார்கள். சொல்லட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சம்மட்டி பிடித்து, பிறகு டிராக்டர் ஓட்டி, அதற்கும் பிறகு சொந்தமாக டிப்பர் லாரிகள் வாங்கி ஓட விட்டவன் நான். என் பெருமையைச் சொல்ல ஆள் வைத்துக்கொள்ளவில்லை, அதனால் நானே சொல்கிறேன். ஆனால் அந்த வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் பெருமைக்கு முன்னால் அசதிதான் வருகிறது.

சென்னையில் ஒரு புரோக்கர் மூலம் வந்தது. இங்கிலாந்தில் செய்த பழைய வண்டி, காடு மேடெல்லாம் ஏறுகிற ஜீப் வகை. லாரிக்கு அடியில் இருப்பது போல இரும்புப் பட்டை அதற்குக் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ரப்பர் பை, பைக்குள் காற்று. முன்னால் இருக்கும் சின்ன கம்ப்ரஸர் காற்றை அடைக்கும். வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்று சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருந்து, சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டிக்குச் சொல்லும். பெட்டி காற்றைக் கூட்டும், குறைக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஆள் ஏறுவதற்குத் தோதாக வண்டி தானே தாழ்ந்து கொடுக்கும்.

ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. என் மனைவிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு பஸ், கார், எதில் ஏற்றினாலும் ஒவ்வொரு குழிக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு வருவாள். எங்கள் பக்கத்துச் சாலையில் குழிக்குப் பஞ்சமா? இந்த வண்டி வந்த பிறகுதான் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அழாமல் போய் வந்தாள்.

அது கொஞ்ச காலம். ஒரு நாள் காலையில் பார்த்தால் பின்பக்கம் இடது மூலை தரையைத் தொட்டபடி கிடந்தது. கிளப்பினால் கம்ப்ரஸர் கரகரவென்று ஓடி மெதுவாகத் தூக்கும். மறுநாள் காலையில் மறுபடி கிடக்கும். அப்புறம் வலது மூலையும் சேர்ந்துகொண்டது.

பஞ்சர் கடையில் டியூபுக்குப் பார்ப்பது போல சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். எங்கள் ஷெட் ஃபிட்டர் கீழே படுத்துத் தெளித்தார். பையெல்லாம் நுரை. தொட்டுப் பார்த்தால் ரப்பர் ஊறிப்போய்க் கொழகொழவென்று இருந்தது.

“இது எப்பிடிய்யா இப்பிடி ஆச்சு?” என்றேன்.

“வாட்டர் சர்வீஸ் வுட்டப்பறம் லாரிக்கு அடிக்கிற மாதிரி கழிவு ஆயில் அடிச்சேன் மொதலாளி. பட்டைக்கு அடிச்சா கிறீச்சுனு சத்தம் வராதுல்ல.”

“இதுக்கு ஏதுய்யா பட்ட?”

“அதத்தான் நானும் தேடுனேன். காணும். இருக்கிற எடத்துல அடிச்சிட்டேன்.”

அடிப்பதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரும்போடு வாழ்ந்தவர்களுக்கு ஆயில் என்றால் மருந்து. ரப்பருக்கு அது விஷம் என்று எங்களில் யாருக்குத் தோன்றியது?

சரியாக அந்த நேரத்தில்தான் மகளுக்கு வளைகாப்பு வந்தது. மீன்சுருட்டியில் கட்டிக் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும். நாள் சொல்ல வந்த சம்பந்தி, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

“வளையல அடுக்கிட்டுப் போங்க சம்பந்தி. புள்ளய மட்டும் நாங்க இங்கயே வச்சிக்கிறோம். இந்த ரோட்ல வயித்துப் புள்ளக்காரிய எப்பிடி அனுப்புறது? குழியெல்லாம் யாரு போட்டது? ஒங்க லாரிதான?”

“என் லாரி மட்டுமா ஓடுது? ஊர்ல இருக்கிற லாரியெல்லாம் ஓடுது.”

“மத்த லாரிக்காரனெல்லாம் எனக்குச் சம்பந்தி இல்லீங்களே. ஒங்களத்தான நான் கேக்க முடியும்?”

“என் வண்டியில அழைச்சிட்டு வரேன். குழி இருக்கிறதே தெரியாது. ஏறிப் பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க.”

“வண்டி வரட்டும். பாப்போம்,” என்றார்.

அவர் போனதும் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. “ஏங்க, படுத்துக் கெடக்குற வண்டியக் காட்டியா வீறாப்புப் பேசுனீங்க? அவ அங்கயே பெத்துக்கிட்டா நான் எப்பிடிப் போயிப் பாக்கறது? பெத்த பொண்ணுக்குப் பத்தியச் சோறு போடக்கூட இல்லாம என்ன மூலையில போட்டாச்சா?”

மறுநாளே சென்னைக்கு ஆள் அனுப்பிப் புதுப் பைகள் வரவழைத்தேன்.

புதுப் பை மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்தோம். மாட்டும்போது ஃபிட்டர் சென்சார் கம்பிகளையெல்லாம் கழற்றி, எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் திரும்பப் பூட்டியிருந்தார். பெட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டு, ஒரு பைக்கும் காற்றுத் தரமாட்டேன் என்று வண்டியை வயிற்றில் உட்கார வைத்துவிட்டது. கம்ப்யூட்டர் வைத்துச் சமாதானம் பண்ணினால்தான் எழும்பும் என்று சென்னையில் சொன்னார்கள். ஒரு ஆளை அனுப்பினார்கள். வளைகாப்புக்கு முதல் நாள் காலையில் அவர் பெரம்பலூரில் வந்து இறங்க, நானே போய் அழைத்து வந்தேன். தோளில் லேப்டாப் பை. நல்ல மனிதர். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த தூக்கம் கண்ணில் அப்படியே இருந்தது.

“மட்டமான தரை வேணும் சார்,” என்றார்.

“நெல்லு காயப்போடற சிமெண்டுக் களம் பக்கத்துலயே இருக்கு. கண்ணாடி மாதிரி இருக்கும்.”

டிராக்டரில் கட்டி இழுத்துக் களத்தில் நிறுத்தினோம். சென்சார்களை இடம் மாற்றிப் பூட்டிவிட்டு, அவர் கம்ப்யூட்டரை வண்டிக்குள் மாட்டி எதையோ தட்டினார். படுத்திருந்த வண்டி புஸ்ஸென்று மூச்சு விட்டு எழுந்தது. களத்து ஓரம் நெல் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனிமேல் ஒவ்வொரு மூலைக்கும் உயரம் வைத்து, இதுதான் உன் சரியான உயரம் என்று பெட்டிக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். அவர் டேப்பை எடுத்தார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வரைக்கும் அளப்பேன் என்றார். நான் விடவில்லை.

“தம்பி, ஒங்க நாடா ஒரு எடத்துல இழுத்தா ஒண்ணு காட்டும், இன்னொரு எடத்துல ஒண்ணு காட்டும். எங்க கொத்தனார்கிட்ட தண்ணி டியூப் இருக்கு. நான் கட்டுன அத்தனை கட்டடமும் அதுல மட்டம் பாத்ததுதான். ஒண்ணு சாஞ்சிருக்கா, போயிப் பாருங்க.”

“கட்டடம் வேற, வண்டி வேற சார்...”

“மட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.”

அவருக்கு வாதாடத் தெம்பில்லை. சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். டியூபின் ஒரு முனையை வண்டியின் ஒரு மூலையில் நான் பிடிக்க, மறுமுனையை ஃபிட்டர் அடுத்த மூலையில் பிடிக்க, உள்ளே தண்ணீர் ஒரே கோட்டில் நிற்கும் வரைக்கும் அவர் தட்டித் தட்டிக் காற்றைக் கூட்டினார், குறைத்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியில் நாலு மூலையும் ஒரே கோடு. அதையே பெட்டியில் பதிந்தார். நான் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவரைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டு, மனைவியை வண்டியில் ஏற்றி வாசலில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

“சாயுது,” என்றாள்.

“என்னது சாயுது?”

“எடது பக்கம் சாயுது. இடுப்புல இழுக்குது.”

“ஒனக்கு எதுல ஏறுனாலும் இழுக்கும். தண்ணி டியூப் வச்சுப் பாத்துருக்கு.”

“ஒங்க டியூபுக்கு ஆபரேஷன் பண்ணல, எனக்குத்தான் பண்ணிருக்கு. சாயுதுங்கறேன்.”

இறங்கி எதிரே நின்று பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. வலது தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஆள் மாதிரி நின்றது. கம்ப்யூட்டர்காரர் பாதிச் சோற்றில் எழுந்து வந்து பார்த்தார். சென்சார் போய்விட்டதோ, புதுப் பையே பழுதோ என்று தலையைச் சொறிந்தார். விடிந்தால் வளைகாப்பு.

அவள் சீட்டில் இருந்தபடியே கேட்டாள். “எங்க வச்சு மட்டம் பாத்தீங்க?”

“களத்துல.”

என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது, “அய்யோ அம்மா” என்று கத்திக்கொண்டே மறுபடி சிரித்தாள்.

“மழை பேஞ்சா தண்ணி ஓடணும்னு வாட்டம் வுட்டுத்தானங்க களம் போடுவாங்க. எத்தன தடவ அதுல தண்ணி தள்ளி வுட்ருப்பேன். எல்லாம் ஓடைப் பக்கந்தான் ஓடும். இது கூடவா தெரியாது?”

விஷயம் அதுதான். வலது சக்கரங்கள் ஓடைப் பக்கம், பள்ளத்தில் நின்றிருக்கின்றன. டியூப் சொன்னபடி அந்தப் பக்கம் காற்றைக் கூட்டி மட்டமாக்கிவிட்டோம். சமமான ரோட்டுக்கு வந்ததும் வலது தூக்கி இடது தாழ்ந்துவிட்டது. டியூப் தப்பில்லை. தரைதான் தப்பு. இதை நான் அப்போதே சொன்னேன். ஃபிட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மட்டமான தரைக்கு எங்கே போவது? இதற்கும் நான்தான் வழி சொன்னேன். சுரங்கத்து வாசலில் லாரி எடை போடும் மேடை. அது கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் எடை தப்பும், அதனால் மட்டம் தவற விடமாட்டார்கள். எடைமேடைக்காரரிடம் கெஞ்சி வண்டியை ஏற்றி நிறுத்தினோம். பின்னால் கல் ஏற்றிய டிப்பர்கள் வரிசை கட்டி ஹார்ன் அடித்தன. என் டிரைவர் ஒருவரே தலையை வெளியே நீட்டி, “மொதலாளி, ஜீப்புல எத்தன டன் கல்லு ஏத்திருக்கீங்க?” என்று கத்தினார். வரிசை முழுக்கச் சிரிப்பு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பில்லை.

இந்த முறை கம்ப்யூட்டர்காரர் தன் டேப்பால்தான் அளந்தார். நானும் வாய் திறக்கவில்லை. எல்லாம் பதிந்து முடித்த பிறகு சும்மா டியூபை வைத்துப் பார்த்தேன். நாலு மூலையும் ஒரே கோடு. அவரிடம் காட்டினேன்.

“சரிதான் சார்,” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் ஏழு வகைச் சோற்றுத் தூக்குவாளிகளோடு கிளம்பினோம். மனைவி ஜெயங்கொண்டம் தாண்டும் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். வலிக்கிறதா என்றேன். “பேசாம ஓட்டுங்க, தூக்கம் வருது,” என்றாள். வலியில்லாமல் வண்டியில் அவளுக்குத் தூக்கம் வந்தது எனக்குப் போதும்.

வளையல் அடுக்கி முடிந்ததும் சம்பந்தி வந்து வண்டியைச் சுற்றினார். குனிந்து பார்த்தார், சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். நான் பொத்தானை அழுத்தினேன். வண்டி பெருமூச்சோடு தாழ்ந்தது. சம்பந்தி ஒரு அடி பின்னால் நகர்ந்தார். என் மகள் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தாள். அவர் எட்டிக் கதவைச் சாத்தினார்.

“மெதுவா போங்க சம்பந்தி,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

திரும்பும்போது பாதி வழியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கம்ப்ரஸர் சத்தம் நின்றுவிட்டது. இரண்டு நாளாக ஓயாமல் ஓடியதில் அது எரிந்துபோயிருக்க வேண்டும். பையில் இருக்கிற காற்று கசியாமல் இருந்தால் வீடு வரைக்கும் வரும், கசிந்தால் நடுரோட்டில் வயிற்றில் உட்காரும். பின்னால் தாயும் மகளும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பாமல் வேகத்தைக் குறைத்தேன். கல் லாரிகள் ஹார்ன் அடித்து என்னைத் தாண்டிப் போயின, சைக்கிள்காரர்கூட ஒருவர் தாண்டினார். ஒவ்வொரு குழியாக இறக்கி ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் இருவரையும் எழுப்பினேன்.

காலையில் ஃபிட்டர் வந்து எழுப்பினார். “மொதலாளி, வண்டி மறுபடி படுத்துடுச்சு. நாலு பக்கமும். அந்தக் கம்ப்யூட்டர் ஆளுக்குப் போன் போடவா?”

உள்ளே மகளுக்குப் புளிக்குழம்பு வேண்டுமாம். அவள் அம்மா சுவரைப் பிடித்தபடி நின்று அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள்.

“கெடக்கட்டும் வுடுய்யா,” என்றேன். “புள்ள பொறக்குற வரைக்கும் அதுக்கு இங்க வேல இல்ல.”

மறுபடி படுத்துக்கொண்டேன்.