அவர் விட்டுத் தந்த வெள்ளிக்கிழமை

நான்கு வருடங்களுக்கு முன், திருகோணமலையில் நடந்தது இது. துறைமுகத்துப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிற கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். இன்றும் அதே கடைதான், அதே எண்ணெய் படிந்த கைதான். பெயர்கள் எதையும் எழுதவில்லை. ஏன் என்பது வாசிக்கும்போது விளங்கும்.

எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். இது வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்களைப் போன்றவர்களைச் சட்டமே குற்றவாளி என்று சொல்லும் நாட்டில், தெரியப்படுத்தி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன். பிறகு ஒருநாள், உடம்பில் எச்.ஐ.வி. இருப்பதும் தெரிய வந்தது. ஒழுங்காகக் குளிசை போட்டால் மற்றவர்களைப் போல முழு ஆயுளும் வாழலாம் என்றார் டொக்டர். குளிசையும் இலவசம். அந்தக் கிளினிக் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே மருந்து கொடுக்கிற இடத்தில் என் மச்சாள் வேலை செய்கிறாள். அவளுக்குத் தெரிந்தால் பொழுது படுவதற்குள் எங்கள் பகுதி முழுக்கத் தெரிந்துவிடும்.

அதனால் பக்கத்து மாவட்டத்துக் கிளினிக்குக்குப் பஸ் ஏறினேன். அங்கே எங்களைப் போன்றவர்களுக்கு ஓர் ஆதரவு நிலையம் இருந்தது. என்னை முதன்முதல் பரிசோதனைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர்களும் அவர்கள்தான். கிளினிக்குக்கு வராமல் நின்றவர்களை, சொந்தக்காரர் மாதிரி வீடு தேடிப் போய்க் கதைத்துக் கூட்டி வருவார்கள். நான் போகத் தொடங்கிய அடுத்த வருடமே நிதி நின்று நிலையத்தை மூடிவிட்டார்கள். மிஞ்சியது கிளினிக் மட்டும்தான். அங்கே நான் கொடுத்திருந்த தொலைபேசி இலக்கம் பொய். வீட்டில் யாராவது எடுத்துவிட்டால் என்ற பயத்தில் வாயில் வந்த ஒன்றைச் சொல்லியிருந்தேன்.

கிளினிக்கில் மருந்தெடுக்க எனக்குக் கிடைத்த நாள் வெள்ளிக்கிழமை. மாதம் ஒருமுறை போய், சுவரைப் பார்த்துப் போட்டிருந்த நீள வாங்கில் குந்தியிருப்பேன். அப்படி ஒருநாள் தலையை நிமிர்த்தினால், வாசலில், விரிகுடாவுக்கு அக்கரையிலிருந்து எங்கள் கடைக்கு எஞ்சின் கொண்டுவருகிற மூதூர்க்காரர் ஒருவர் நிற்கிறார்.

நாற்பது தாண்டிய மீனவர். கல்யாணம் முடிக்காமல் தங்கச்சி வீட்டில் இருந்தார். முஸ்லிம் ஆட்களில் மூத்தவர்களைக் கூப்பிடுவது போல நானும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். கடையில் இருந்து இரண்டு பேரும் எத்தனையோ தேநீர் குடித்திருக்கிறோம். அன்று ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல இருந்தோம். திரும்பும்போது ஒரே பஸ். அவர் முன்னால், நான் கடைசிச் சீட்டில். என் மச்சாளிடமிருந்து தப்ப இவ்வளவு தூரம் வந்தவன், கடைக்கு வருகிற ஆளிடம் போய் மாட்டியிருந்தேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது, இப்போது.

அடுத்த மாதம் நான் போகவில்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. அவர் யாரிடமாவது சொல்லிவிடுவார் என்ற பயம். அவருக்கும் அதே பயம் இருக்குமே என்று யோசிக்கிற புத்தி அன்று எனக்கு இல்லை. குளிசை முடிந்தது. கொஞ்சக் காலம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வாய்க்குள் வெள்ளை படியத் தொடங்கியது. சோறு இறங்கவில்லை. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. அம்மா கண்ணூறு என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். சாகத்தான் போகிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வாங்கில் போய் இருக்க மனம் வரவில்லை.

ஒரு பின்நேரம், முதலாளி வெளியே போயிருந்த நேரம் பார்த்து, நானா கடைக்கு வந்தார். கையில் ஒரு காபரேட்டர். அடைக்குது, பாருங்க என்றார். கழற்றிப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை, நேற்றுத் துடைத்து வைத்தது போலிருந்தது. நான் அதைச் சொல்வதற்கு முன் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நீங்க இப்ப அங்க வாறல்ல. என்னக் கண்டுதானே?"

நான் ஸ்பேனரை எடுத்து, கழற்றியதைத் திரும்பப் பூட்டத் தொடங்கினேன்.

"நான் நேர்ஸ் மிஸ்ஸிட்டச் சொல்லி செவ்வாய்க்கு மாத்தி எடுத்திட்டன். இனி வெள்ளி உங்கட நாள். நான் வரமாட்டன். நீங்க போங்க."

கண் கலங்கியதை மறைக்கக் குனிந்து எதையோ தேடினேன். அவர் கேட்கவில்லை, எனக்கு எப்படி வந்தது என்று. நானும் அவரிடம் கேட்கவில்லை. காபரேட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "இரிக்கட்டும், படகுக்கு வேற ஒண்டு இரிக்கி, பிறகு வந்து எடுக்கிறன்" என்றார். இறங்கிப் போகும்போது திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னார். "குளிசைப் போத்தலுக்குள்ள கொஞ்சம் பஞ்சு வச்சு மூடுங்க. பையில கிலுங்காது."

அந்த வெள்ளியே போனேன். மிஸ்ஸி ஏசவில்லை, நிறுத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். மெல்ல மெல்ல உடம்பு தேறியது. பஞ்சும் வைத்தேன். வாங்குக்கு இனித் தெரிந்த முகம் எதுவும் வராது என்று நிம்மதியாக இருந்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், உண்மையிலேயே நிம்மதியாகத்தான் இருந்தேன். நானா கடைக்கும் வரவில்லை. என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று வேறு கடைக்குப் போகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். காபரேட்டர் மட்டும் ராக்கைத் தட்டில் கிடந்தது.

வருடம் ஒன்று கடந்திருக்கும். மூதூரிலிருந்து வந்த வேறொரு வாடிக்கையாளர், கதையோடு கதையாக, அவர் இறந்துவிட்டதாகச் சொன்னார். நான் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அடுத்த நாள் காபரேட்டரைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு மூதூருக்குப் போனேன். வேறு என்ன காரணம் சொல்லி அந்த வீட்டு வாசலில் நிற்பது?

அவருடைய தங்கச்சி கதிரை போட்டு உட்காரச் சொன்னார். நான் எஞ்சின் திருத்துகிற ஆள் என்றேன். அவர் அழவில்லை. அழுது முடித்தவர்கள் கதைப்பது போலக் கதைத்தார்.

"நானா நெஞ்சுச் சளியில மௌத்தாப் போய் ஒரு மாசம். எங்கயோ தூர ஊருக்கு மருந்தெடுக்கப் போறவர். என்ன வருத்தமெண்டு எனக்கும் சொல்லல்ல. முந்தி வெள்ளியிலதான் போவார். வெள்ளியில கடல் இல்லதானே, ஆரும் தேடமாட்டாங்க. அங்கயே ஜும்ஆவும் தொழுதிட்டு வருவார். பிறகு என்னத்துக்கோ செவ்வாய்க்கு மாத்திட்டார். செவ்வாய் கடலுக்குப் போற நாள், படகில ஆக்கள் விடுவாங்களா? ஒவ்வொரு மாசமும் எங்க போறாய், ஆரிட்டப் போறாய் எண்டு ஒரே கேள்வி. கடைசியில போறதயே விட்டுட்டார்."

ஜும்ஆத் தொழுகைக்காக மூதூர்ப் படகுகள் வெள்ளிக்கிழமை கடலில் இறங்குவதில்லை என்பது எனக்குத் தெரியாத விடயமல்ல. அன்றைக்குத்தான் அவர்கள் எஞ்சின்களைத் திருத்தக் கொண்டுவருவார்கள். இருந்தும் அவர் எதை எனக்கு விட்டுத் தந்தார் என்று ஒருநாளும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. எனக்குச் செவ்வாயும் ஒன்று, வெள்ளியும் ஒன்று. வாயைத் திறந்து, நானா நீங்கள் வெள்ளிக்கே வாருங்கள், நான் செவ்வாயில் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இல்லை, இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்திருந்தால், அவர் வராத முதல் மாதமே எனக்குத் தெரிந்திருக்கும். நான் வராமல் நின்றதை அவர் கண்டார். அவர் நின்றதைக் காண அங்கே நான் இல்லை. கிளினிக்கிலிருந்து ஏன் தேடவில்லை என்று நான் யாரையும் கேட்கவில்லை. அவரும் என்னைப் போல ஏதோ ஓர் இலக்கத்தைத்தான் கொடுத்திருப்பார்.

"நீங்க நல்ல பழக்கமா அவரோட?" என்று கேட்டார் தங்கச்சி.

"ஓம், கடைப் பழக்கம்" என்றேன். காபரேட்டரைக் கொடுத்தேன். நல்லா இருக்கா என்று கேட்டார். ஒரு பிழையும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த முறை போனபோது மிஸ்ஸியிடம் என் உண்மையான இலக்கத்தைக் கொடுத்தேன். என் கிளினிக் நாளையும் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டேன். யாருக்கு எந்த நாள் தேவைப்படும் என்று தெரியாது, எனக்கு எதுவானாலும் சரி. சுவர்ப் பக்கம் பார்த்து உட்காருவதையும் விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்து முகம் எதுவும் வாசலில் தயங்கி நின்றால், வாங்கில் தள்ளியிருந்து இடம் விடுகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் மூதூர்ப் படகுகள் இல்லாமல் விரிகுடா வெறிச்சென்று கிடக்கும்போது, அந்த ஒரு நாளை எனக்குத் தந்ததால்தான் ஒருவர் செத்தார், நான் இருக்கிறேன் என்பதை என்னால் இன்றும் மறக்க ஏலாமல் இருக்கிறது.