அனுப்பிச்சர்றனுங்க

பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பெண் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலைக்கு முதலில் வேண்டியது நல்ல வயிறு. போகிற வீட்டிலெல்லாம் காப்பி கொடுத்துவிட்டுத்தான் கையை விரிப்பார்கள். வசூலுக்கோ ஓட்டுக்கோ கணக்கெடுப்புக்கோ வீடு வீடாக ஏறி இறங்கியவர் நீங்கள் என்றால் என் பாடு உங்களுக்குப் புரியும். நானும் தோழி சரண்யாவும் கல்லூரி முடித்த கையோடு இதில் இறங்கினோம். பள்ளி திறக்கிற ஜூன் மாதம் எங்களுக்கு சீசன்.

லீவு

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கொப்பரைக் களம். பள்ளி திறந்த பிறகும் சில பெண் பிள்ளைகள் வெயிலில் குனிந்து கொப்பரையைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் மேஸ்திரி இளநீர் வெட்டினார். “படிக்கிற புள்ளைங்கதானுங்க, லீவுக்கு வந்திருக்குதுங்க” என்றார். பள்ளிதான் திறந்தாகிவிட்டதே, இது என்ன லீவு என்று சரண்யா கேட்டாள். இளநீரை அவள் கையில் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

“பொம்பளப் புள்ளைக்குப் பத்தாவதுக்கு மேல எல்லாமே லீவுதானுங்க அம்மணி.”

தறியை நிறுத்தியவர்

சோமனூரில் கவிதா. பதினொன்றாம் வகுப்பில் ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் குரூப் கிடைத்தும் சேராமல் வீட்டில் இருந்தாள். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். அந்தக் கத்தலிலும் மனிதர் ஒரு ‘ங்க’வைக்கூட விடவில்லை. கவிதா கதவோரம் நின்று எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படிக்க வையுங்கள் என்றோம். ஆமாங்க என்றார். பதினாறு வயதில் கல்யாணப் பேச்சு கூடாது என்றோம். தப்புங்க என்றார். பிறகு தறியையே நிறுத்தினார். நாலு வார்த்தை பேசுவதற்காக ஓடுகிற தறியை நிறுத்துவது லேசுப்பட்ட மரியாதை இல்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்:

“நீங்க வெசனப்படாதீங்க. இந்த மாசத்துக்குள்ள புள்ளய அனுப்பிச்சர்றனுங்க.”

மாதம் முடிந்தது

பள்ளியில் விசாரித்தால் கவிதா வரவே இல்லை என்றார்கள். மறுபடி போனோம். அவளுடைய அம்மா தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். கவிதாவை அவள் அப்பா இன்னும் அனுப்பவில்லையே என்று கேட்டேன். காப்பி போட எழுந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் துளி கள்ளம் இல்லை. எனக்கு இன்றுவரை ஆறாதது அந்த முகம்தான்.

“அனுப்பிச்சாச்சுங்களே கண்ணு. போன வெள்ளிக்கெழமயே உடுமலைப்பேட்டைக்கு, மாப்ள ஊட்டுக்கு.”

உடுமலைப்பேட்டையில்

உடனே குழந்தைத் திருமணம் என்று புகார் கொடுத்து, சமூக நலத்துறை அதிகாரியோடு போனோம். கவிதாதான் எங்களுக்குக் காப்பி கொண்டுவந்தாள். சுடிதார் கழுத்துக்குள் மஞ்சள் கயிறு தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. அதிகாரிக்கு நாற்காலி போட்டு ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். வழக்கு பதிவானது. கவிதாவைக் கோவையில் ஒரு காப்பகத்துக்குக் கூட்டிப்போக வண்டி வந்தது. அவள் ஆசைப்பட்ட குரூப்பில் அந்த வருடச் சேர்க்கை அதற்குள் முடிந்துவிட்டது.

எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை. உங்கப்பா இப்படிப் பொய் சொல்லிவிட்டாரே என்று அவள் கையைப் பிடித்தேன். கையை மெதுவாக உருவிக்கொண்டு வண்டியில் ஏறினாள். உட்கார்ந்த பிறகு சொன்னாள்:

“எங்கப்பா பொய் சொல்லலீங்கக்கா. எங்க அனுப்பறீங்கன்னு நீங்கதான் கேக்கல.”

கோயமுத்தூர்ச் சீமைக்காரர்கள் சொன்ன சொல் தவறமாட்டார்கள் என்று வெளியூரில் பெருமையாகச் சொல்வார்கள்; உண்மைதான், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், நம்பி ஏமாறலாம்.