அம்புக்குறி நின்ற நான்கு நாட்கள்

என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். இயந்திர அறையில், எண்ணெய்க்கும் சூட்டுக்கும் நடுவில். ஒன்பது மாதம் கடல், மூன்று நான்கு மாதம் வீடு. கல்யாணம் முடித்த காலத்திலிருந்து எங்கள் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது. திருகோணமலையில் இது ஒரு புதினமில்லை. யாரும் இரக்கப்படுவதுமில்லை. கப்பல்காரரின் மனைவி என்றால் பழகியிருப்பாள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

செங்கடல் பக்கம் போகிற கப்பல்களுக்கு ஏவுகணையால் அடிக்கிறார்கள் என்று செய்தி வரத் தொடங்கிய மழைக்காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் தொலைபேசியில் பேசினார். சத்தம் விட்டு விட்டு வந்தது. இரண்டு நாளைக்குப் பேச ஏலாது, கப்பல் அந்தப் பக்கத்தால்தான் போகிறது, செய்தி ஒன்றும் பார்க்க வேண்டாம் என்றார். வேறு பாதை இல்லையா என்று கேட்டேன்.

“பாதையை நானோ தீர்மானிக்கிறன்? கப்பல் போற இடத்துக்குத்தான் நானும் போக வேணும்,” என்றார். பிறகு குரலைத் தணித்து, “அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சொல்லாதையும். ரெண்டு நாள்தானே,” என்றார்.

நான் ஓம் என்றேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், பதினைந்து வயது மகள், கணவரின் தகப்பன். மாமா துறைமுகத்தில் இழுவைப் படகில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். மாமி காலமான பிறகு எங்களோடு வந்து இருந்தார். அவருக்குப் பிரஷர் இருந்தது. மகளுக்கு அடுத்த வருடம் பாடசாலையில் பெரிய சோதனை. இந்த இரண்டு காரணங்களும் எனக்குப் போதுமாயிருந்தன. சொல்லாமல் இருப்பது அவர்களுக்குச் செய்கிற நன்மை என்றே நம்பினேன்.

கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டுகிற ஒரு வரைபடம் என் போனில் இருக்கிறது. உலகத்துக் கடலெல்லாம் சின்னச் சின்ன அம்புக்குறிகள். அதில் ஒன்று அவருடைய கப்பல். மற்றப் பெண்கள் கடிகாரம் பார்ப்பது போல நான் அதைப் பார்ப்பேன். திங்கட்கிழமை மத்தியானம் அந்த அம்புக்குறி ஏடன் பக்கம் கடலில் அப்படியே நின்றுவிட்டது. கடைசியாகச் சமிக்ஞை வந்து மூன்று மணித்தியாலம் என்று கீழே எழுதியிருந்தது. அடுத்த முறை பார்த்தபோது ஐந்து. ஆபத்தான இடம் வந்தால் கப்பல்கள் அந்தச் சமிக்ஞையை வேண்டுமென்றே நிறுத்திவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன? சமிக்ஞையை நிறுத்தின கப்பலும் மூழ்கின கப்பலும் வரைபடத்தில் ஒரே மாதிரித்தானே இருக்கும்.

நான் நகரத்தில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை செய்கிறேன். அந்தக் கிழமை குளிசைகளை எண்ணும்போது கணக்குத் தவறித் தவறிப் போனது. ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய பெட்டியை மற்றவருக்குக் கொடுக்கப் பார்த்தேன். நல்ல காலம், முதலாளி கண்டு திருத்தினார். காய்ச்சலோ என்று கேட்டார். ஓம், கொஞ்சம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை, மழை விட்டிருந்த நேரம், கிண்ணியாவிலிருந்து ஒரு தாய் வந்தா. அறுபது வயதிருக்கும். நித்திரை வருவதற்கு ஏதாவது வேண்டும் என்றா. வைத்தியரின் துண்டு இல்லாமல் அதைத் தர முடியாது என்று சொன்னேன். அவ போகவில்லை. நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டு, ஆட்கள் காத்திருக்கிற வாங்கிலில் இருந்தா. மகன் வளைகுடா நாட்டில் சாரதியாம். அங்கே வானத்தில் என்னென்னவோ பறக்கிற படம் யாரோ அனுப்பினார்களாம். அதற்குப் பிறகு கண்ணை மூடினால் அதுதான் வருகிறதாம்.

“மகனுக்கிட்டச் சொன்னீங்களா?” என்று கேட்டேன்.

“அவனுக்கிட்ட என்னத்தச் சொல்ற, தங்கச்சி? அவன் எடுத்தா நான் சிரிச்சிக்கிட்டுத்தான் பேசுவன்,” என்றா.

எனக்கும் இப்படித்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அந்த நேரம் மூன்று பேர் மருந்துத் துண்டுகளோடு வந்து நின்றார்கள். நான் திரும்பிப் பார்க்கும்போது வாங்கிலில் ஈரம்தான் இருந்தது.

இரண்டு நாள் முடிந்தது. அவர் பேசவில்லை. புதன்கிழமை காலை எழும்பினதும் வரைபடத்தைப் பார்த்தேன்; அம்புக்குறி அசையவில்லை. கப்பல் கம்பனிக்குப் போன் எடுத்தேன். கொழும்பில் ஒரு பெண், தகவல் வந்தால் அறிவிப்போம் என்று மரியாதையாகச் சொன்னா. எல்லாரும் சுகம்தானே என்று கேட்டேன். தகவல் வந்தால் அறிவிப்போம் என்றா திரும்பவும்.

வீட்டில் ஒன்றும் நடக்காதது போலச் சமைத்தேன். இப்போது யோசிக்கும்போதுதான் தெரிகிறது, மற்ற இருவரும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்கள். மாமா காலையில் விறாந்தையில் கதிரையைப் போட்டு மரண அறிவித்தல் முதற்கொண்டு பேப்பரை உரத்து வாசிப்பவர். அந்தக் கிழமை வாசிப்புச் சத்தமே இல்லை. கேட்டதற்கு, மழையில் பேப்பர் வரவில்லை என்றார். மகள் சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையில் ஒதுக்கி ஒதுக்கி வைத்தாள். சோதனைப் பயம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரே மேசையில் மூன்று பேர் இருந்து சாப்பிட்டோம். உப்புப் போதுமா என்பதைத் தவிர வேறு கதை இல்லை. அந்த நான்கு நாளிலும் நான் அனுபவித்த தனிமை, அவர் கடலில் இருந்த எந்த வருடத்திலும் நான் அறியாதது.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தது. மகள் வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து ஓடினேன். நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு ஆசிரியை சீனி போட்ட தேத்தண்ணி பருக்கிக்கொண்டிருந்தா. காலையில் சாப்பிட்டாளா என்று கேட்டா. எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆசிரியை வெளியே போன பிறகு மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அம்மா, அம்பு நாலு நாளா அதே இடத்தில நிக்குது,” என்றாள்.

எந்த அம்பு என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அவளுடைய போனிலும் அதே வரைபடம் இருந்திருக்கிறது. எவ்வளவு காலமாக என்று கேட்டேன். போன வருடம் அப்பா போன நாளிலிருந்து என்றாள். அந்தப் பக்கத்துக் கப்பல்கள் எரிகிற படங்களையும் பார்த்திருக்கிறாள். வகுப்பில் பாடம் நடக்கும்போது மேசைக்குக் கீழே வைத்துப் பார்த்திருக்கிறாள்.

“ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

“நீங்கள் பாக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியாதே. தெரிஞ்சா நீங்கள் பயப்பிடுவீங்கள் எண்டு நினைச்சன்.”

அவளுடைய தலையைத் தடவினேன். கையோடு முடி வந்தது. கொத்தாக.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தால் கதவு பூட்டியிருந்தது. மாமா இல்லை. அந்த மழையில் அவர் போகிற இடம் எதுவும் எனக்குத் தெரியாது. அவருடைய பிரஷர்க் குளிசை காலையில் எடுத்து வைத்தபடியே குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தேன். இந்தக் கிழமை ஒவ்வொரு நாளும் நீங்கள் வேலைக்குப் போன பிறகு அவரும் வெளிக்கிடுகிறவர், உட்துறைமுகப் பக்கம் போவதைக் கண்டோம் என்றார்கள். மகளை வீட்டில் விட மனமில்லை. அவளையும் ஏற்றிக்கொண்டு அதே ஆட்டோவில் போனேன்.

துறைமுக வாசலுக்குச் சற்றுத் தள்ளி, கடலைப் பார்த்த மதில் ஓரத்தில் இருந்தார். குடை விரித்தபடி மடியில் கிடந்தது; தலை நனைந்திருந்தது. எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். முடியவில்லை. சேட்டுப் பைக்குள்ளிருந்து நான்காக மடித்த பேப்பர்த் துண்டுகள் எட்டிப் பார்த்தன. பேப்பர் ஒவ்வொரு நாளும் வந்துதான் இருக்கிறது. நான் காண முன்பே கப்பல் செய்தியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒளித்து வைத்திருக்கிறார்.

தன்னோடு முன்பு வேலை செய்தவர்களின் பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள், அவர்களிடம் ஏதாவது தகவல் கேட்கலாமென்று நாள்தோறும் வந்தேன் என்றார். முதல் நாள் தேத்தண்ணி கொடுத்தார்களாம். நேற்றும் இன்றும் வாசலிலேயே, ஒன்றும் தெரியாது ஐயா என்று சொல்லிவிட்டார்களாம்.

மகள் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். தன் போனை எடுத்து அவருக்கு அந்த அம்புக்குறியைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“பிள்ளை,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். “சண்டை நடக்கேக்க நாங்கள் ஓடினம். சுனாமிக் கடல் வரேக்கயும் ஓடினம். ஓடுறதுக்கு ஒரு பக்கம் இருந்தது. இதுக்கு எந்தப் பக்கம் ஓடுறது எண்டு எனக்குத் தெரியேல்ல.”

அவர் அழுததை நான் அதற்கு முன்பு மாமியின் செத்தவீட்டில்கூடக் காணவில்லை. நான் குடையை எடுத்து அவருக்கு மேலே பிடித்தேன். மூன்று பேருக்கும் அது போதவில்லை. எவ்வளவு நேரம் அங்கே இருந்தோமோ தெரியாது. ஆட்டோக்காரர் ஹோன் அடிக்காமல் காத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அம்புக்குறி நகர்ந்தது. மகள்தான் முதலில் கண்டாள். எகிப்துப் பக்கமாக, வெகு மேலே. மத்தியானம் அவர் பேசினார். எல்லாரும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். சாப்பிட்டோம் என்றோம். மழையா என்றார். மழை என்றோம். மகள் மயங்கியதையோ மாமா வாசலில் நின்றதையோ நாங்கள் சொல்லவில்லை. முன்பே பேசி வைத்ததல்ல. மூன்று வாயிலும் அது வரவில்லை. போனை வைத்த பிறகு குசினிக்குள் போய்த் தேங்காய் துருவினேன். தேவைக்கு மேலாகவே துருவினேன்.

கப்பல் தப்பிவிட்டது, ஆனால் மகளின் பயம் அதோடு போகவில்லை. அது இடம் மாறியது. ஒரு மாதம் வேறொரு நாட்டு யுத்தம், அடுத்த மாதம் கடல் சூடாகிறது என்ற செய்தி. எங்கள் தெரு எத்தனை வருடத்தில் தண்ணீருக்குக் கீழே போகும் என்று தேடிக்கொண்டிருந்தாள். முடி கொட்டுவது நிற்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தெரிந்தவர் யாரும் காண்பார்களோ என்று வாசலில் சுற்றுமுற்றும் பார்த்ததை ஒளிக்கவில்லை; பார்த்தேன்தான்.

வைத்தியர் இளம் பெண். ஒரு நாளைக்கு எத்தனை தரம் போனைப் பார்க்கிறாய் என்று மகளிடம் கேட்டா. நாற்பது தரம் என்றாள். பிறகு அதே கேள்வியை என்னிடமும் கேட்டா. பத்து என்றேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் காட்டிக் கொடுக்கவில்லை. பார்க்கவே வேண்டாம் என்று வைத்தியர் சொல்லவில்லை. பின்னேரம் ஒரு நேரம் வைத்து, வீட்டிலுள்ள எல்லாரும் சேர்ந்து பாருங்கள், தெரிந்ததைத் தெரிந்தபடி பேசுங்கள் என்றா. செய்து பார்த்தோம். மாமா பேப்பரை மீண்டும் உரத்து வாசிக்கத் தொடங்கினார். மகள் சோறு சாப்பிட்டாள். அது நல்ல மாற்றம்தான். ஆனால் ஒரு பயத்தை மூன்று பேருக்கு முன்னால் வைத்தால் அது மூன்றில் ஒன்றாகிவிடும் என்று நினைத்தது என் பிழை. ஒவ்வொருவருக்கும் முழுதாகவே இருந்தது. மற்றவருக்கும் இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

அவர் சித்திரையில் வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார். கதவு பலமாக அடிபட்டால் கதிரையை விட்டு எழும்பிவிடுவார். ஒரு காலையில் இரண்டு பேரும் கடற்கரைக்குப் போயிருந்தோம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்காமலேயே அவர் சொல்லத் தொடங்கினார். முன்னால் போன கப்பலில் புகையைக் கண்டார்களாம். அதற்குப் பிறகு நடுவழியில் இரண்டு நாள் நிறுத்தி வைத்தார்களாம். பாதுகாப்பு அங்கியைக் கழற்றாமலே நான்கு நாளும் இருந்தாராம். சாப்பாடு இறங்கவில்லையாம். சொல்லும்போது மணலைக் கையால் அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

அவர் முடித்த பிறகு, “இஞ்ச எங்களுக்கும் அந்த நாலு நாள்...” என்று தொடங்கினேன்.

“அதுதான் முடிஞ்சுதே. விடும்,” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கடலைப் பார்த்தபடி சொன்னார். மறுபடியும் மணலை அள்ளத் தொடங்கினார். இவருக்கு இதையும் கேட்கிற பலம் இல்லை என்று விளங்கியது. நான் விட்டேன். வலை கரைக்கு வந்தது. கொஞ்சம் கீரி மீன் வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஆவணியில் மறுபடியும் போனார். வேறு தொழில் அவருக்குத் தெரியாது. கொழும்புக்குப் பஸ் ஏறும் காலையில் மகள் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், கப்பல் எந்தப் பக்கத்தால் போகும் என்று. அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, இந்த முறை ஆபிரிக்காவைச் சுற்றித்தான் போகும் என்கிறார்கள், ஆனால் நிச்சயமில்லை என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

பஸ் போன பிறகு நாங்கள் நடந்தே வந்தோம். சந்தைப் பக்கத்தில், எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு போலத் திரிகிற மான்களில் ஒன்று, மீன் சுற்றின பொலித்தீனைச் சப்பிக்கொண்டு நின்றது. மகள் கிட்டப் போய் அதன் வாயிலிருந்து மெதுவாக இழுத்தெடுத்தாள். மான் விலகிப் போனது. அவள் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, பத்து மணிக்கு விஞ்ஞான வகுப்பு இருக்கிறது, சுணங்கிவிடும் என்று சொல்லி எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். நான் அவளைக் கூப்பிடவில்லை.