மூன்று தடவை இறுக்கிய பலகை

மரப்பட்டறையில் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவது அவனுடைய அக்காவின் கணவர். அதன் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பது அவன். மோட்டாருக்குப் போகும் கட்டளை இம்மிகூடப் பிந்தக் கூடாது என்பதற்காகவே லினக்ஸ் இயங்குதளத்தில், நேரம் தவறாமல் வேலை செய்யும் ரியல்டைம் கெர்னல் என்ற மையப்பகுதியைப் போட்டிருந்தான்.

"மாப்ளே, திரையில படம் திக்கித் திக்கி வருது, கண்ணு வலிக்குது," என்றார் மாமா ஒருநாள். அவ்வளவுதான், இவனுக்குக் கை துறுதுறுத்தது. கிராபிக்ஸ் கார்டு நிறுவனம், உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் காட்டாமல் தரும் டிரைவர் மென்பொருளை ஏற்றப் போனான். ரியல்டைம் கெர்னலில் ஏற மாட்டேன் என்று அது முகத்திலடித்தாற்போல் சொன்னது. நீ என்ன பெரிய கொம்பனா என்று நினைத்துக்கொண்டு, எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரியைத் தட்டினான், ஏறிவிட்டது. படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மாமா முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அந்த வாரத்திலிருந்து கதவுப் பலகைகள் கோணலாக வெட்டுப்பட்டன. "பலகையை ஒழுங்கா இறுக்கத் துப்பில்ல," என்று முதலாளி எல்லோர் முன்னும் மாமாவை வாங்கு வாங்கென்று வாங்கினார். மாமா ஒவ்வொரு பலகையையும் மூன்று தடவை இறுக்கினார். "கையில பிடி போயிடுச்சு போல, மாப்ளே," என்று விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

இவனுக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டு இடைவேளையில் தாமதத்தை அளக்கும் சோதனையை ஓட்டிக்கொண்டே, திரையில் ஒரு ஜன்னலை இழுத்தான். தாமதத்தைக் காட்டும் எண் எகிறியது; திரையில் படம் நகரும்போதெல்லாம் மோட்டாருக்குக் கட்டளை பிந்திப் போயிருக்கிறது. டிரைவரை ஏற்றிய அன்றும் இதே சோதனையை ஓட்டியிருந்தான், ஆனால் அப்போது திரையைத் தொடவேயில்லை. டிரைவரைச் சத்தமில்லாமல் கழற்றினான்.

மறுநாள் வெட்டு நூல் பிடித்தாற்போல் வந்தது. படம் மறுபடி திக்கியது. மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டு பலகையை இறுக்கினார்.

"பாத்தியா, நாலு வார்த்தை கேட்டாதான் இவனுக்கு உறைக்குது," என்று மாமாவைக் காட்டி இவனிடம் சொன்னார் முதலாளி. இவன் திரையில் படிந்த மரத்தூளைத் துடைக்கத் தொடங்கினான்.

"ஆமாங்க," என்ற மாமா, அடுத்த பலகையை நான்காவது தடவையும் இறுக்கிக்கொண்டிருந்தார்.