ஜோக்கர் மீனுக்கு எடுத்த ஆரத்தி

மண்டி மொஹல்லாவில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கடல் இருக்கிறது. மருமகள் வைத்த கண்ணாடித் தொட்டி. ரசத்துக்குக் கைக்கு வந்தபடி உப்பு போடுகிறவள், தொட்டித் தண்ணீருக்கு மட்டும் மருந்து மாதிரி அளந்து போடுவாள். அதில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோக்கர் மீன் ஒன்று தனியாக இருந்தது. போன மழைக்காலத்தில் துணைக்கு ஒன்றை விட்டோம். சாயங்காலத்துக்குள் பெரியது அதைக் கடித்தே கொன்றுவிட்டது. அன்றைக்கு மருமகள் சாப்பிடவே இல்லை.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா தொட்டியையே யாருக்காவது குடுத்துடுவேன், அத்தே.”

அதனால்தான் அவள் மறுபடியும் சின்னதாக ஒன்றைக் கொண்டுவந்தபோது, வேண்டாம்மா என்றேன். இந்தமுறை அதை ஓட்டை போட்ட டப்பாவில் வைத்து, தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டாள். ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டுமாம். பெரியது டப்பாவை முட்டிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் திறந்துவிடப் போனாள். வீட்டுக்கு வரும் புதுப்பெண்ணை வெறுமனே விடலாமா? மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தித் தட்டோடு போனேன். அவள் பதறி என் கையைப் பிடித்தாள்.

“ஒரு சொட்டு உள்ள விழுந்தா எல்லாம் காலி அத்தே. தூரமா நின்னு சுத்துங்க.”

தூரத்தில் நின்று சுற்றினேன்.

டப்பா திறந்ததும் பெரியது பாய்ந்து வந்தது. சின்னது ஒருக்களித்துச் சாய்ந்து, உடம்பு முழுக்க வெடவெடவென்று உதறியது.

“ஜன்னி கண்டிருக்கு, வெளிய எடுத்துடும்மா.”

“சும்னிரி அத்தே, சும்மா இருங்க. நான் அடங்கிப் போறேன்னு பெரியவகிட்ட சொல்லுது. போன தடவ வந்தது எதுத்து நின்னுச்சு, அதான் போச்சு.”

“பெரியவளா?”

“ஜோடியில பெருசுதான் பொண்ணு. நீங்க ஆரத்தி எடுத்தது மாப்பிள்ளைக்கு.”

“வீட்டோட மாப்பிள்ளையா? அதான் இந்த நடுக்கம்.”

அவள் சிரிக்கவில்லை. தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை. ஹனூரிலிருந்து கல்யாணமாகி வந்த அன்று என் மாமியார் முன்னால் எனக்கும் இப்படித்தான் முழங்கால் உதறியது. யாரும் கற்றுத்தரவில்லை. பெரியது திரும்பத் திரும்ப வந்தது. சின்னது திரும்பத் திரும்ப உதறியது.

விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. இருப்புக் கொள்ளாமல் கண்ணாடியில் விரலை வைத்தேன். பெரியது என் விரலைக் கடிக்கப் பாய்ந்து வந்தது. சின்னது மிரண்டு ஓடி, அதன் வயிற்றுக்கு அடியிலேயே போய் ஒளிந்துகொண்டது. பெரியது விரட்டவில்லை.

“பசிக்குது அத்தே” என்றாள் மருமகள்.