மூன்று ஒயினும் மரவள்ளிக்கிழங்கும்

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்கா டவுன் காஜா பேராங்கில், ஒரு சீனர் சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்து ஒயின் குடித்தேன் என்றால், "அளக்காதே" என்பார்கள். நம்பாவிட்டால் போங்கள். அதுவும் ஒன்றல்ல, மூன்று வகை. கள்ளே கண்ணில் படாத காலம் அது.

கொண்டுவந்தவன் என் சிநேகிதன், அந்த வட்டாரத்து மலாக்கா செட்டி. நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழ் நாலு சொல்தான் தெரியும்; அவன் மலாயில் பேசியதைத்தான் இங்கே தமிழில் சொல்கிறேன். துரைமார் கிளப்பில் கிளாஸ் துடைத்து ஊற்றிக் கொடுத்தவன். துரைமார் ஓடிப்போனதும், மிஞ்சிய புட்டிகளைத் தன் வீட்டுக் கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்துவிட்டான். நான் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணி. தோட்டம் மூடியதும் டவுனுக்கு வந்து, அவன் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறையில் கிடந்தேன். கடலுக்கு இந்தப் பக்கம் எனக்கென்று ஒரு நாதி கிடையாது.

மறுநாள் காலை என்னைச் சயாமுக்கு லாரி ஏற்றுகிறார்கள். அங்கே ரயில் பாதை போடப் போனவன் எவனும் அதுவரை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அதற்குத்தான் இந்த விருந்து. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, கங்கோங் கீரை, சுட்ட கருவாடு ஒரே ஒரு துண்டு. கடைக்காரத் தவுக்கே நல்ல மனுஷர். காப்பிக் கோப்பைகளைத் தந்துவிட்டு, ஜப்பான்காரன் வருகிறானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டார்.

"முதல்ல இது, அபாங். ஷெரி. துரை சாப்பாட்டுக்கு முன்னாடி குடிப்பான்" என்றான். அபாங் என்றால் மலாயில் அண்ணன். அடுத்தது சிவப்பு, நல்ல புளிப்பு. மூன்றாவது போர்ட், இருமல் மருந்து மாதிரி தித்தித்தது. ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தையே பார்த்தான்.

"எது நல்லாருக்கு?"

"எல்லாம் ஒண்ணுதான்."

"இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க. எது?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. சாகப் போகிறவனிடம் கிளப்புப் பெருமையா காட்டுகிறான்? "எதுவா இருந்தா உனக்கென்னடா? சயாம்ல எனக்கு ஊத்திக் குடுக்கவா போறானுங்க?" என்று கத்தினேன். தவுக்கே திரும்பிப் பார்த்தார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"போகிக்கு எங்க வீட்டுல பர்ச்சு வைப்போம்ல, அபாங். செத்தவங்களைக் கூப்பிட்டு இலை போடுவோம். சுருட்டோ சாராயமோ, அவங்களுக்குப் பிடிச்சதை வைக்கணும். நீங்க வரலைன்னா, எங்கப்பா இலைக்குப் பக்கத்துல உங்களுக்கும் ஒண்ணு போடுவேன். வீட்டுல சொல்லல. சொந்தமில்லாதவனுக்கு எதுக்குன்னு சண்டைக்கு வருவாங்க. மாத்தி வெச்சுட்டா, நீங்க தொடாமயே போயிடுவீங்களே."

உனக்கு எது பிடிக்கும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. போட்டதைத் தின்று வளர்ந்தவன் நான். திடீரென்று கேட்டால் என்னத்தைச் சொல்ல? மூன்றையும் மறுபடி ஊற்றச் சொல்லி, வாயில் வைத்து நிதானமாகப் பார்த்தேன்.

"சிவப்பு" என்றேன். "அந்தப் புளிப்புதான். இன்னொண்ணு, கிழங்கு மட்டும் வெச்சிராதே. உயிரோட இருக்கிறப்போ தின்னதே போதும்."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்.

சண்டை ஓய்ந்த பிறகு எலும்பும் தோலுமாக வந்து இறங்கினேன். நேரே அவன் வீட்டுக்குத்தான் போனேன். காய்ச்சலில் போய்விட்டான், மருந்து கிடைக்கவில்லை என்று அவன் தம்பி வாசலில் நின்று சொன்னான். உள்ளே கூப்பிடவில்லை. அவனுக்கு நான் யாரோ ஒரு கிராணி.

அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் பிழைத்து வந்துவிட்டேன். எனக்கு எது பிடிக்கும் என்று தெரிந்த ஒரே மனிதன் செத்துப்போனான்.