அம்சவேணி கடைமுன் பெஞ்சு

தெருவுக்குப் போட்ட அரசாங்க பெஞ்சை அம்சவேணி திருடி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று பஜார் முழுக்கப் பேச்சு. மருந்துக்கடையில் சொன்னவர் ஒரு பெஞ்சு என்றார். பஸ்ஸில் வந்தவர் இரண்டு என்றார். முடிவெட்டும் இடத்தில், அதில் அவர் படுத்துத் தூங்கியதைக் கண்ணால் பார்த்தவரே இருந்தார். நீலகிரியில் அருவங்காட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் சின்ன பஜாரில் மேடேறினாலும் மூச்சிரைக்காதது வதந்தி ஒன்றுதான். நேரில் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

பெஞ்சு எங்கும் போகவில்லை. அம்சவேணியின் டீக்கடை வாசலிலேயே இருந்தது. கால்களுக்கு அடியில் ஹாலோ பிளாக் அடுக்கி, நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தார். உட்கார வேண்டுமானால் ஏணி கொண்டுவர வேண்டும்.

அம்சவேணி, இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண். பல வருஷம் கொழுந்து பறித்தார். முழங்கால் முரண்டு பிடித்ததும் இங்கே டீக்கடை போட்டார். தெருவைச் சீர்செய்யுங்கள் என்று மனுமேல் மனு கொடுத்ததும் இவரேதான். அப்போதெல்லாம் ஜீப்புகள் கடைக்குள் மூக்கை நீட்டி நிற்கும். நடக்கிற ஜனம் சாக்கடை விளிம்பில் சர்க்கஸ் செய்யும். கேட்டது கிடைத்தது. ஜீப் போனது, டைல்ஸ் வந்தது, பெஞ்சு வந்தது, பூந்தொட்டிகூட வந்தது. கூடவே, கடைமுன் இருந்த கல்மேடையையும் ஆக்கிரமிப்பு என்று இடித்துவிட்டார்கள்.

கடை ஓடியதே அந்த மேடையால்தான். எஸ்டேட் பெண்கள் ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறி வருவார்கள். மேடை நெஞ்சு உயரம். யாரையும் கூப்பிடாமல் மூட்டையை இறக்கலாம்; டீ குடித்து, நாலு வீட்டு வம்பு பேசி, அப்படியே தலைக்கு மாற்றிக்கொண்டு நடக்கலாம். புது பெஞ்சோ முழங்கால் உயரம். அதில் இறக்கினால் திரும்பத் தூக்கிவிட ஆள் தேட வேண்டும். அதனால் யாரும் இறக்கவில்லை. இறக்காதவர்கள் நிற்கவில்லை. மதியத்துக்குள் தீர்ந்துபோகிற பால் சாயங்காலம்வரை இருந்து திரிந்தது.

நான் நின்றுகொண்டிருக்கும்போதே தெருவேலையைப் பார்க்கும் இன்ஜினீயர் வந்தார்.

“ஏம்மா, பெஞ்சு உக்கார்றதுக்கு. இப்படியா ஏத்தி வைப்பீங்க?”

“உக்கார நேரமிருக்கிறவங்க ஊட்டிக்குப் போயிருவாங்க சார். இங்க வர்றவங்களுக்கு மூட்டை வைக்கத்தான் எடம் வேணுங்க” என்றார் அம்சவேணி.

“மூட்டையெல்லாம் டிசைன்லயே இல்லம்மா. இது நடக்கிறவங்களுக்கான தெரு.”

அந்த நேரம் பார்த்து மூட்டையை பெஞ்சில் இறக்கிக்கொண்டிருந்தார் எஸ்டேட் தொழிலாளி தெய்வம்மா.

“அப்ப நாங்க என்னங்க, பறந்தா வந்தோம்?”

இன்ஜினீயர் சிரித்தார். நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டேதான் ஆள் அனுப்பினார். மறுநாள் பெஞ்சைக் கீழே இறக்கித் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினார்கள்.

“பெஞ்சைக் குடுத்தாச்சு. ஏனுங்க சார், என் கல்லு?” என்று இன்ஜினீயரைக் கேட்டார் அம்சவேணி.

இடித்த மேடையின்மேல் பதித்திருந்த கற்பலகை அவருடைய சொந்தக் காசில் வாங்கியது. வேலை முடிந்ததும் திருப்பித் தருவதாகச் சொல்லித்தான் லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள்.

“ஸ்டோர்ல இருக்கும்மா. அடுத்த வாரம் பாக்கலாம்.”

அடுத்த வாரம் திறப்பு விழாதான் வந்தது. தெருமுனையில் கல்வெட்டு பதிக்க ஒரு சிமெண்டு மேடை எழும்பியது. பெரியவர்களின் பெயர்களைக் குனியாமல் படிக்க வேண்டுமல்லவா? கச்சிதமாக நெஞ்சு உயரம். பந்தலைப் பிரிப்பதற்குள் தெய்வம்மா தன் மூட்டையை அதன்மேல் இறக்கிவிட்டார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

இப்போது அம்சவேணி வாடகைக் கடையைப் பூட்டிவிட்டு, பிளாஸ்க்கும் கையுமாகக் கல்வெட்டருகில் நிற்கிறார். மழை பிடித்தால் அந்த வியாபாரமும் இல்லை. மேடை ஆக்கிரமிப்பாம், மேடை இல்லாமல் கடைக்காரரே நடைபாதைக்கு வந்துவிட்டது முன்னேற்றமாம்.

நேற்று இன்ஜினீயரும் அங்கே டீ வாங்கினார். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அம்சவேணி அதையே கேட்டார்.

“என் கல்லு?”

“அடுத்த வாரம்மா” என்றார் அவர், டீயை ஊதிக்கொண்டே.